ஒரே மறை, இரு வழக்கு

கருக்கலைப்பு குறித்த அமெரிக்கப் பூசலைச் சமயத்தார்க்கும் சமயமிலார்க்கும் இடையேயானது என்று நம்மவர் எளிதில் எழுதிவிடுகின்றனர். அது பிழை. சட்டம் தடுத்திருந்த 1967-இலேயே நியூயார்க்கில் மகளிர்க்குத் தக்க மருத்துவரைக் காட்டி உதவியோர் போதகர்களும் யூத குருமார்களுமே. முன்னின்றவர் பாப்டிஸ்டு போதகர் ஹோவர்டு மூடி. தென்னகப் பாப்டிஸ்டு பேரவையோ, 1971-இல் தாயின் உடல்நலம், மனநலம் கருதியும் சட்டம் இடந்தர வேண்டும் என்றது. 1980-இல் தாயின் உயிரைக் காக்க மட்டுமே என்று சுருக்கிக்கொண்டது. இடையில் விவிலியம் மாறவில்லை! கரு இறைவன் ஒப்படைத்த உயிர் என்கிறார் ஒருவர். மனச்சான்றும் அவன் ஒப்படைத்ததே என்கிறார் மற்றவர். 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியும் இவ்வழக்கு ஓயவில்லை. கருவை உயிரென்றே மதிப்பவன் நான்; ஆயினும் கலங்கி வந்தவளை அமரவைத்துக் கேட்ட அப்போதகர்களைப் பாவிகள் என்றுரைக்க என் நா எழவில்லை.