சைன் 30 என்றால் அரை... எதில் அரை?

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒருவரை நிறுத்தி "சைன் 30 எவ்வளவு?" என்று கேட்டால், "அரை" என்று பட்டென்று பதில் வரும். "எதில் அரை?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பல நேரம் மௌனம்தான்! இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால் "எதிர்ப்பக்கம் பை கர்ணம்" என்று வாய்ப்பாடு ஒப்பிக்கப்படும்.

குறை மாணவரிடம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் செங்கோண முக்கோணம் ஒன்றை வரைந்து, ஆறு விகிதங்களுக்குப் பெயர் வைத்து, அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் 'நிரூபி' என்று முடியும் முற்றொருமைக் கணக்குகள் வந்துவிடுகின்றன. சைன் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம், கொசைன் எதற்கு என்று கேட்க நேரமே இல்லை.

மதிப்பெண் எப்படியும் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். பிளஸ் ஒன் இயற்பியலில் சாய்வாக இழுக்கும் விசையை இரண்டு கூறுகளாகப் பிரிக்கும்போது, எதற்கு சைன், எதற்கு காஸ் என்று சீட்டுக் குலுக்கிப் போடும் நிலைமை. பாலிடெக்னிக்கிலும் பொறியியல் முதலாண்டிலும் இதே கதை. விளைவு? "எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு பிள்ளை தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. வராமல் போனது கணக்கு இல்லை. அர்த்தம்தான் வந்து சேரவில்லை.

ஒரு குச்சியும் ஒரு நிழலும்

அருப்புக்கோட்டையை ஒட்டியிருக்கும் பாளையம்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் பார்த்த பூமி. மழைக்குத்தான் பஞ்சமே தவிர, வெயிலுக்குப் பஞ்சமில்லை. சைன், கொசைன் படிக்க இதைவிடத் தோதான இடம் வேண்டுமா?

டிசம்பர் 21ஆம் தேதி வாக்கில், நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு வையுங்கள். (இந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல. சுமார் கால் மணி நேரம் கழித்துத்தான்.) நிழல் ஏறத்தாழ 65 செ.மீ நீளம் விழும். குச்சியின் நுனியிலிருந்து நிழலின் நுனிக்கு ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால் அது சுமார் 119 செ.மீ இருக்கும். குச்சி, நிழல், கயிறு மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம். கயிறுதான் கர்ணம். குச்சியின் நுனியில் இருக்கும் கோணம் 33 பாகை.

இப்போது நிழலைக் கயிற்றால் வகுத்தால் 0.55 வரும். அதுதான் சைன் 33. குச்சியைக் கயிற்றால் வகுத்தால் 0.84. அதுதான் கொசைன் 33.

பக்கத்திலேயே பத்து மீட்டர் பனைமரம் ஒன்று நின்றால் அதன் நிழல் ஆறரை மீட்டர், கர்ணம் சுமார் 11.9 மீட்டர். வகுத்துப் பார்த்தால் அதே 0.55, அதே 0.84! குச்சி சிறிது, பனை பெரிது. ஆனால் அந்த நேரத்தில் வெயில் இரண்டின் மீதும் ஒரே சாய்வில்தான் விழுகிறது. சாய்வு ஒன்றாக இருக்கும்வரை முக்கோணம் எவ்வளவு பெரிதானாலும் விகிதம் மாறாது. சைனும் கொசைனும் நீளங்கள் அல்ல, அந்தச் சாய்வின் அடையாளங்கள். பாடத்தின் உயிர் இந்த ஒரு வரிதான். இது புரிந்தவருக்கு, பனையில் ஏறாமலே அதன் உயரம் தெரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாளையம்பட்டி ஏறத்தாழ 9.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஒன்று ஏப்ரல் 14 வாக்கில், அதாவது சித்திரை முதல் நாளையொட்டி. இன்னொன்று ஆகஸ்ட் 28 வாக்கில். அந்த நண்பகலில் நேராக நட்ட குச்சிக்கு நிழலே கிடையாது. கோணம் பூஜ்யம், நிழல் பூஜ்யம், ஆகவே சைன் 0 = 0. கயிறும் குச்சியும் ஒன்றாகிவிடுவதால் கொசைன் 0 = 1. அட்டவணையின் முதல் கட்டத்தை வானமே எழுதிக் காட்டுகிறது!

அரை நாண்

'சைன்' என்ற சொல்லைக் கேட்டால் தமிழ் மாணவருக்கு மட்டுமல்ல, ஆங்கில மாணவருக்கும் ஒன்றும் புரியாது. காரணம், அது மொழிபெயர்ப்பில் தடம் மாறிய சொல். கி.பி. 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் இருபத்துநான்கு சைன் மதிப்புகளுக்கான பட்டியல் உண்டு. அங்கே அதன் பெயர் 'அர்த்த ஜ்யா', அதாவது அரை நாண். அது சுருங்கி 'ஜ்யா', 'ஜீவா' என்றானது. அரபியில் 'ஜீப' என்று எழுதப்பட்டு, பின்னால் 'ஜைப்' என்று வாசிக்கப்பட்டது. ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு. 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குக் கொண்டு போனவர்கள் அந்த மடிப்பையே 'சைனஸ்' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். நாண் போய் மடிப்பு வந்தது!

வட்டத்தின் பகுதியை 'வில்' என்றும் அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டை 'நாண்' என்றும் தமிழ்ப் பாடநூல்கள் இன்றும் சொல்கின்றன. அப்படியிருக்க, சைன் என்பது அந்த நாணில் பாதி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? (இடுப்பில் கட்டும் அரைஞாண் வேறு!)

ஒரு வட்டம் வரைந்து, மையத்தில் 60 பாகைக் கோணம் வரும்படி இரண்டு ஆரங்கள் போடுங்கள். அவற்றின் முனைகளை இணைக்கும் நாண், ஆரத்தின் நீளமே இருக்கும். ஏனென்றால் அது சமபக்க முக்கோணம். மையத்திலிருந்து நாணுக்குச் செங்குத்து வரைந்தால் அது கோணத்தையும் நாணையும் சரிபாதியாக வெட்டும். கோணம் 30, நாணில் பாதி ஆரத்தில் பாதி, ஆரமே கர்ணம். "எதில் அரை?" என்ற கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. கர்ணத்தில் அரை.

கொசைன் இன்னும் எளிது. 90 பாகையை நிரப்ப மீதி வேண்டிய கோணம் நிரப்புக் கோணம். அதன் சைன்தான் கொசைன். செங்கோண முக்கோணத்தில் ஒரு குறுங்கோணத்துக்கு எதிர்ப்பக்கமாக இருப்பது மற்றதற்கு அடுத்துள்ள பக்கம். சைன் 30ம் கொசைன் 60ம் ஒன்றாக இருப்பது இதனால்தான். இதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

கோணம் நீளமாகும் வித்தை

இதெல்லாம் வகுப்பறையோடு நிற்கும் விஷயமும் அல்ல. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு கோட்டை, நூறடி இரும்புச் சங்கிலியை வைத்து அளந்தார். அதற்கே 57 நாள் ஆனது. அதன்பின் பெரும்பாலும் கோணங்களை மட்டுமே அளந்தார். எந்த முக்கோணத்தையும் ஒரு செங்குத்துக் கோட்டால் இரண்டு செங்கோண முக்கோணங்களாக்கலாம். ஆகவே ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால், மற்றப் பக்கங்களைச் சைன் கொடுத்துவிடும். இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் கோத்து அந்தச் சர்வே தெற்கே குமரி வரைக்கும், பின்னர் வடக்கே இமயம் வரைக்கும் போனது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மோதிச் சேதமடைய, லாம்டன் அதைச் செப்பனிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அது இருநூறு வருடத்துக்கு முந்தைய கதை. இன்றைய கதை பாளையம்பட்டிக்குக் கிழக்கே, கமுதியில் இருக்கிறது. அங்கே 2016இல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சோலார் பலகையைப் பொறுத்தவரை கொசைன்தான் முதலாளி! டார்ச் லைட்டை நேராக அடித்தால் வெளிச்சம் வட்டமாக, பளிச்சென்று விழும். சாய்த்து அடித்தால் நீண்டு மங்கிவிடும். வெயிலும் அப்படித்தான். டிசம்பர் 21 நண்பகலில் தரையில் தட்டையாகக் கிடக்கும் பலகைக்கு, நேருக்கு நேர் நிற்கும் பலகைக்குக் கிடைக்கும் வெயிலில் 84 சதவீதம்தான் கிடைக்கும். குச்சியில் பார்த்த அதே 0.84! தெற்கு நோக்கிப் பத்து பாகை சாய்த்து வைத்தால் கோணம் 23 ஆகக் குறைந்து, கிடைப்பது 92 சதவீதமாக ஏறும். ஆனால் ஜூன் 21இல் சூரியன் வடக்கே 14 பாகை போய்விடுவதால், அதே சாய்வு 97ஐ 91 ஆக்கிவிடும். எந்த மாதத்து லாபத்துக்காக எந்த மாதத்து நஷ்டத்தைப் பொறுப்பது? இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளைக்கும், பலகையைத் துடைக்க மட்டும் கூப்பிடப்படும் பிள்ளைக்கும் நடுவில் இருப்பது பல நேரம் இந்த ஒரு பாடம்தான்.

நேரம் எங்கே இருக்கிறது?

ஆசிரியர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பாடத்திட்டம் நீளம், தேர்வு நெருக்கம், வகுப்பில் கூட்டம். முற்றொருமைகளை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் உறுதி என்றிருக்கும்போது, வெயிலில் குச்சி நட யாருக்கு மனம் வரும்? மனப்பாடமே கூடாது என்பதும் அல்ல வாதம். பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி இந்த அட்டவணையும் மனதில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் புரிந்த பிறகு நிற்கட்டும்.

அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு குச்சி, ஒரு கயிறு, ஓர் அளவுநாடா, இரண்டு மதிய வகுப்புகள் போதும். கூடவே, வினாத்தாளில் 'நிரூபி' என்ற கேள்விகளுக்கு நடுவே "சைன் 30 அரையாக இருப்பது ஏன்? படம் வரைந்து விளக்குக" என்று ஒரே ஒரு கேள்வி வரட்டும். கேள்வி மாறினால் கற்பிக்கும் முறை தானாக மாறும்.

அதுவரை யாரும் காத்திருக்கவும் தேவையில்லை. ஆகஸ்ட் 28 பெரும்பாலும் பள்ளி நாள்தான். மேகம் மறைக்காவிட்டால், பன்னிரண்டேகால் மணிக்குக் கொடிமரத்தின் அடியில் போய் நிழலைத் தேடிப் பாருங்கள்.