மன்னிக்கிற ஸ்கீ வாங்குங்க மக்களே

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துல நம்ம வீடுகள்ல யூனிஃபார்ம் தைக்கிற கதை உங்களுக்குத் தெரியும். "வளர்ற புள்ள, ரெண்டு இஞ்ச் சேர்த்தே வெட்டுங்க"ன்னு டெய்லர்கிட்ட சொல்லிடுவாங்க. சட்டைக்கு அது சரிதான். தொளதொளன்னு இருந்தா யாருக்கும் கால் உடையறதில்லை. அதே கணக்கைப் பனிச்சறுக்குல போடறவங்களைப் பார்த்தாதான் எனக்கு வயித்தெரிச்சல்.

குத்தாலத்துக்காரனுக்கும் பனிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்கிறவங்களுக்கு: ம்யூனிக் வந்து ஒன்பது வருஷமாச்சு. குளிர்காலத்துல வேற போக்கிடம் கிடையாது. ரயில் ஏறினா ஒன்றரை மணி நேரத்துல கார்மிஷ். நம்மாளுங்க நிறைய பேர் கத்துக்கறாங்க. முதல் வருஷம் வாடகை ஸ்கீ, பிரச்சனையே இல்லை. ரெண்டாவது மூணாவது வருஷம்தான் ஆபத்தான பருவம். நீலச் சரிவுல தைரியமா இறங்குவோம், சிவப்புச் சரிவுல சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இறங்குவோம். அப்பதான் சொந்தமா ஒண்ணு வாங்கணும்னு ஆசை வரும். கடைக்காரர் "நீங்க சீக்கிரம் முன்னேறிடுவீங்க, இப்பவே நல்ல ஸ்கீயா எடுத்துடுங்க"ம்பார். எங்க ஊர் சாமிக்கு சொன்னவாறறிவார்னு பேரு. கடைக்காரருக்கு அந்தப் பேரை வைக்க முடியாது.

மன்னிக்கிற ஸ்கீன்னா என்ன? நடவுக்கு முன்னாடி சேத்து வயல்ல பரம்படிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மாடு இழுக்க, பலகை மேல ஆள் ஏறி நிப்பார். எடையை முன்னாடி போட்டா பலகை சேத்தை வாரும். பின்னாடி சாஞ்சா ஆள் மல்லாந்துடுவார். பழகினவருக்கு உள்ளங்கால்லயே எல்லாம் தெரியும். நாம தப்பா நின்னாலும் உடனே தண்டிக்காம, திருத்திக்க ஒரு நொடி கொடுக்கிற பலகை இருந்தா எப்படி இருக்கும்? அதுதான் மன்னிக்கிற ஸ்கீ.

அந்த ஒரு நொடி எங்கேருந்து வருதுன்னா, முக்கியமா வளைவுத்தன்மையிலேருந்து. ஸ்கீ திரும்பறதே அது வில்லு மாதிரி வளையறதாலதான். உள்ளே மரம் மட்டும் இருந்தா லேசா வளையும். மரத்துக்கு மேலயும் கீழயும் டைட்டானல்ங்கிற அலுமினியக் கலவைத் தகடு வெச்சா விறைப்பாயிடும். வேகமா போற, எடை உள்ள ஆளுக்கு அது தங்கம், தடதடன்னு ஆடாது. ஆனா 60, 65 கிலோ ஆளு மெதுவா போனா அது வளையவே வளையாது, நேராத்தான் போகும். பேருக்குப் பின்னாடி 'டிஐ'ன்னு போட்டிருந்தா பெரும்பாலும் தகடு இருக்குன்னு அர்த்தம். நம்ம ரேஞ்சுக்குத் தகடில்லாதது, இல்லேன்னா பாதித் தகடு போதும்.

அடுத்தது முனை. 2002-ல ஷேன் மெக்காங்கி தண்ணிச் சறுக்குப் பலகையைப் பார்த்து, ரெண்டு முனையும் மேல வளைஞ்ச வோலன்ட் ஸ்பாச்சுலாவைக் கொண்டுவந்தப்ப அது புதுப்பனிக்கான விசித்திரம். இப்ப ஆல்-மவுன்டன் ஸ்கீ பலதுலயும் முனை கொஞ்சம் தூக்கியிருக்கு. அதனால திரும்ப ஆரம்பிக்கிறப்ப ஓரம் சட்டுனு போய் மாட்டிக்காது. காலுக்குக் கீழ மட்டும் பழைய மாதிரி மேல்வளைவு இருக்கணும். கெட்டிப்பனியில பிடிமானம் அதுலதான்.

நீளம் பத்திப் பெருசுகள் பேச்சைக் கேக்காதீங்க. 1993-ல எலான் கம்பெனி இடுப்பு ஒடுங்கின எஸ்சிஎக்ஸ் கொண்டு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மீட்டர் ஸ்கீதான் கௌரவம். இப்ப தாடைக்கும் நெத்திக்கும் நடுவுல இருந்தா போதும். இடுப்பு அகலம் 78-லேருந்து 85 மில்லிமீட்டர். 95-க்கு மேல போனா புதுப்பனியில மிதக்கும், ஆனா கெட்டிப்பனியில ஓரத்துக்குச் சாய்க்கிறதுக்குள்ள முட்டி கெஞ்சும். குல்மார்க் போறவங்க கதை வேற. கோண்டோலா 3,900 மீட்டருக்கு மேல கொண்டு விட்டுடும், அங்கே சீர்படுத்தாத பனி. அதுக்கு அகலமானதை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாம்.

ரொம்ப மன்னிக்கிறதும் வேண்டாம். சுத்தமா கத்துக்குட்டிக்கான மெத்து ஸ்கீ ஒரே சீசன்ல சலிச்சுடும், கொஞ்சம் வேகமெடுத்தா நடுங்கும். அதைவிட முக்கியம், முதல் பணத்தை பூட்ஸுக்குப் போடுங்க. பூட்ஸ் லூஸா இருந்தா எந்த ஸ்கீயும் நீங்க சொல்றதைக் கேக்காது.

நான் இவ்வளவு கத்தறதுக்குக் காரணம் மாயவரத்துத் தம்பி ஒருத்தர். உயரம் 168, எடை 64 கிலோ. மூணாவது சீசன்ல 178 சென்டிமீட்டர், ரெண்டு தகடு, 96 இடுப்பு வாங்கினார், அதுவும் பாதி விலையில. "அண்ணே, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை"ன்னார். பைண்டிங் பொருத்தறப்ப ஒரு படிவம் கொடுப்பாங்க. உயரம், எடை, வயசோட நீங்க எப்படிப்பட்ட சறுக்கர்னு 1, 2, 3-ல ஒண்ணைச் சொல்லணும். புது ஸ்கீ ஜோர்ல தம்பி 3-ன்னு போட்டார். விழறப்ப பூட்ஸ் சீக்கிரம் கழலுறதா லேட்டா கழலுறதாங்கிறதை அந்த நம்பரும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. பிப்ரவரியில ஒரு மத்தியானம், ஒரு ஸ்கீ ஒரு பக்கம் போக, உடம்பு இன்னொரு பக்கம் போக, பூட்ஸ் கழலலை. முட்டி ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன். ஸ்கீதான் காரணம்னு டாக்டர் சொல்லலை, நானும் அடிச்சு சொல்ல மாட்டேன். சரியா செட் பண்ணின பைண்டிங்கே முட்டி ஜவ்வை எப்பவும் காப்பாத்தறதில்லை. அது முக்கியமா கால் எலும்பு முறியாம இருக்கத்தான். ஆனா அன்னிக்கு முழுக்க அவர் அந்த ஸ்கீயை ஓட்டலை, அதுதான் அவரை ஓட்டிச்சு. நான் பின்னாலயே வந்துக்கிட்டிருந்தேன், பார்த்தேன்.

வர்ற ஜனவரியில இறங்கலாம்னு ஃபிசியோ சொல்லிட்டாங்களாம். இந்தத் தடவை சரிவுல இருக்கிற கடையில மூணு ஜோடியை ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துட்டு, 158-லேருந்து 162-க்குள்ள, 80 இடுப்பு, தகடில்லாம ஒண்ணு வாங்கறதா ஏற்பாடு. படிவத்தை நான்தான் பக்கத்துல நின்னு படிச்சுப் பார்க்கப்போறேன்.

பழைய 178 விற்பனைக்கு இருக்கு. 85 கிலோவுக்கு மேல எடையும் கறுப்புச் சரிவுல தூங்கிக்கிட்டே இறங்கற பழக்கமும் இருக்கிறவங்க மட்டும் கேளுங்க.