மூத்தவரல்ல, மூன்றாம் ஆண்டு

மூத்த வீரர்களை வாங்கினால் இளையவர்களின் இடம் பறிபோகும் என்கிறீர்கள். ஐஸ் ஹாக்கியில் எட்மன்டன் ஆய்லர்ஸ் அணி இளையவர்களுக்கு இடத்தைத் தாராளமாகத்தான் கொடுத்தது. 2010, 2011, 2012 மூன்று இளையோர் டிராஃப்டிலும் முதல் தேர்வு அவர்களுடையது. ஹால், நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், யாகுபோவ் மூவரும் பதின்வயதிலேயே என்எச்எல் பனிக்களத்தில் இறங்கினார்கள். பலன்? 2006க்குப் பிறகு 2017இல்தான் அணி பிளேஆஃபைக் கண்டது.

உங்கள் தரப்புக்கு வலுவான சாட்சி டொரான்டோ அணி. அதை ஏனோ விட்டுவிட்டீர்கள். 2017இல் 37 வயது வீரர் மார்லோவுக்கு மூன்றாண்டு ஒப்பந்தம். மூன்றாம் ஆண்டுச் சம்பளம் கழுத்தை நெரிக்க, அவரைக் கரோலினா அணியின் தலையில் கட்ட டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வையே சீதனமாகக் கொடுத்தார்கள். அதில் கரோலினா எடுத்தவர் சேத் ஜார்விஸ். ஆனால் அங்கேயும் குற்றவாளி வயதில்லை ஐயா, அந்த மூன்றாவது ஆண்டு. ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால் ஜார்விஸ் எதற்குப் போகிறார்?