கண்ணுக்கும் இரண்டு ஜாதியா?

போன பங்குனியில் ஒரு நாள் காலை, கோவில்பட்டியில் உள்ள எங்கள் கட்சி ஆபீசுக்கு ஒரு பெரியவர் வந்தார். மில்லில் முப்பது வருஷம் ரிங் பிரேமில் சைடு பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற கதிரில் அறுந்த இழையைக் கண் இமைக்கும் நேரத்தில் பிடித்து ஒட்டிய கை அவருடையது. அன்று வாசற்படி தெரியாமல், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இதைப் படிச்சுச் சொல்லு. இதுல எதைப் போடச் சொல்லட்டும்? மடிக்கிற லென்சுதான் நல்லதுன்னு மகன் சொல்லுதான். உன் மதினி கம்மலக் கழட்டிக் கையில குடுத்துட்டா."

ஒரு தனியார் கண்ணாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு அது. நாலு வரி. சாதா லென்ஸ், மடிப்பு லென்ஸ், வெளிநாட்டு மடிப்பு லென்ஸ், பிறகு கண்ணாடியே போட வேண்டாத லென்ஸ். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தொகை, படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. அடியில் சின்ன எழுத்தில், 'இன்ஜெக்டர் தனி'. பிராவிடண்ட் பண்டுக்காரர்கள் 2014-ல் நிர்ணயித்த ஆயிரம் ரூபாய் குறைந்தபட்சப் பென்ஷனில் காலம் தள்ளுகிறவர் அவர். முதல் படியில் கால் வைக்கவே பல மாதப் பென்ஷன் வேண்டும்.

மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் இந்தச் சீட்டில் உள்ளது என்ன சரக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத வரைக்கும் கம்மல் போய்க்கொண்டேதான் இருக்கும்.

நம் கண்ணுக்குள் பளிங்கு போல ஒரு வில்லை இருக்கிறது. வேகவைத்த முட்டையில் வெள்ளைக்கரு எப்படி வெளுத்துப் போகிறதோ, அப்படி வயதான காலத்தில் இந்த வில்லை கலங்கிப் போகிறது. இதுதான் புரை. காலமெல்லாம் வெயில் பட்ட கண்ணுக்கும், அடுப்புப் புகை பட்ட கண்ணுக்கும் இது சீக்கிரம் வரும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நிழலுக்கு ஒரு மரம் இல்லாத கரிசல் காட்டில் பருத்தி எடுக்கிறவளுக்கும், வேலிக்கருவை விறகை ஊதி ஊதிச் சோறு பொங்குகிறவளுக்கும் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சொட்டு மருந்தால் புரை கரையாது. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறு வில்லையை வைப்பது ஒன்றே வழி.

வேறு வில்லை வைக்கலாம் என்று உலகம் கண்டுபிடித்து ரொம்பக் காலம் ஆகவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டடிபட்ட விமானிகளின் கண்ணில், விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தைத்திருந்தன. அவை கண்ணைச் சீழ்ப்பிடிக்க வைக்காமல் சும்மா கிடந்ததைப் பார்த்தார் ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் டாக்டர். அதே ரகப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29-ந் தேதி ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். சக டாக்டர்கள் அவரைப் பாராட்டவில்லை. பல வருஷம் ஏசினார்கள்.

சோவியத் நாட்டில் 1960-ல் ஃபியதரோவ் என்ற இளம் டாக்டர் செபொக்சாரி நகரத்தில் இதையே செய்தார். அங்கேயும் மேலதிகாரிகள் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். நம் பத்திரிகை என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. அதிகாரி எங்கும் அதிகாரிதான். பிற்பாடு அதே மனிதர் மாஸ்கோவில் பெரிய கண் மருத்துவ நிலையத்தை நடத்தினார். நோயாளிகளின் கட்டில் வரிசையாக நகர்ந்து வர, ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு கட்டத்தைச் செய்கிற ஏற்பாடு அங்கே நடந்தது.

இந்த லென்ஸ் நம் ஊருக்கு வந்த கதை வேறு. 1980-களில் அமெரிக்கக் கம்பெனிகள் இதை ஏறக்குறைய நூறு டாலருக்கு விற்றன. ஏழை நாட்டுக்காரனுக்கு இது எதற்கு, புரையை எடுத்துவிட்டு ஒரு தடிமனான கண்ணாடியைக் கொடுத்தால் போதாதா என்று வெளிநாட்டு நிபுணர்கள் பலர் புத்தி சொன்னார்கள். அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடியை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நேரே பார்த்தால் பொருளெல்லாம் பெரிசாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, படி இறங்கினால் கால் தடுமாறும். வரப்பில் விழுந்து கண்ணாடி உடைந்தால் அன்றைக்கே மறுபடியும் குருடு. எத்தனையோ கிழவிகள் அதைக் கோணிப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, கண் தெரியாமலே நடமாடினார்கள்.

இதை உடைத்த ஆள் நம் கரிசல் காட்டில் பிறந்தவர். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. பட்டாளத்தில் டாக்டராக இருந்தவர். முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண்ணறுவை பழகினார். மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-ல் பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் காலமானார். அவர் அரவிந்தர் பக்தர், நாம் அப்படியில்லை. அமெரிக்க ரொட்டிக் கடையைப் பார்த்துத்தான் வரிசையாக ஆபரேஷன் செய்யும் யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்; அதுவும் நமக்கு ருசிக்காத உதாரணம். ஆனால் அவர் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையானவர்கள் ஆக மாட்டோம்.

1992-ல் அவருடைய ஸ்தாபனத்தார் மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையை ஆரம்பித்தார்கள். சிவகாசியிலும் சாத்தூரிலும் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறார்களே, அந்த மாதிரிக் கிராமத்துப் பெண்பிள்ளைகள்தான் அங்கே பயிற்சி பெற்று லென்ஸ் செய்தார்கள். நூறு டாலர் சரக்கு பத்து டாலருக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே போயிற்று. இன்று நூறு நாடுகளுக்கு மேல் அது போகிறது. அமெரிக்கக்காரன் சொன்ன விலை சரக்கின் விலை அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

இன்னொரு சாட்சியும் உண்டு. பிரெட் ஹாலோஸ் என்று ஒரு கண் டாக்டர். நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்தவர். கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். எரித்ரிய ஜனங்கள் விடுதலைப் போர் நடத்திய காலத்தில் அங்கே போனார். ஏழை நாட்டுக்கு லென்ஸ் தானம் வேண்டாம், லென்ஸ் தொழிற்சாலை வேண்டும் என்பது அவர் கட்சி. 1993-ல் புற்றுநோயில் மாண்டார். அவர் திட்டமிட்ட தொழிற்சாலைகள் அவர் மறைவுக்குப் பிறகு எரித்ரியாவின் அஸ்மாராவிலும் நேபாளத்தின் காட்மாண்டுவிலும் எழுந்தன. மதுரையில் ஒரு பக்தரும் ஆஸ்திரேலியாவில் ஒரு பொதுவுடைமைக்காரரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: லென்சை நாமே செய்தால் விலை விழும்.

சரி, லென்ஸ் மலிந்துவிட்டது. பிறகு ஏன் பெரியவரின் சீட்டில் விலை ஏணி ஏறுகிறது?

இங்கேதான் உள்ளே வைக்கிற கருவியின் கதை வருகிறது. சாதா லென்ஸ் என்பது மடியாத பிளாஸ்டிக். அதன் நடுவட்டமே ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலம். ஆகவே வெட்டும் அந்த அளவுக்கு வேண்டும். இடுக்கியால் பிடித்து உள்ளே வைப்பார்கள். மடிப்பு லென்ஸ் மெத்தென்ற பொருள். அதை ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழலுக்குள் வழுவழுப்பான பசை விட்டுச் சுருட்டி வைத்து, ஊசிக்குழல் மாதிரியான ஒரு கருவியால் தள்ளுவார்கள். குழலின் மூக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த வெட்டு வழியே போகும். உள்ளே போன லென்ஸ் பாய் விரிகிற மாதிரி தானே விரிந்துகொள்ளும். இந்தத் தள்ளுகுழலைத்தான் இன்ஜெக்டர் என்கிறார்கள். தொழிற்சாலையிலேயே லென்சை அடைத்து அனுப்புகிற ரகமும் உண்டு. நல்ல கருவி. இதைக் கண்டுபிடித்த மூளையைக் குறை சொல்ல மாட்டேன். வெட்டு சின்னது, கண் சீக்கிரம் தேறும், கூலிக்காரன் சீக்கிரம் வேலைக்குப் போகலாம்.

ஆனால் சாதா லென்ஸ் வைத்தால் கண் போய்விடும், பார்வை மட்டமாக இருக்கும் என்று பயமுறுத்துகிறார்களே, அது பொய். 2007-ல் ஒரு பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. நேபாள மலைக்கிராமத்தில் பிறந்த டாக்டர் சந்துக் ரூயித் தையல் போடாத சிறு வெட்டு முறையிலும், ஓர் அமெரிக்க நிபுணர் மெஷின் முறையிலும் ஆபரேஷன் செய்தார்கள். மொத்தம் 108 நோயாளிகள். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி போட்டுச் சோதித்தபோது, இரண்டு தரப்பிலும் நூற்றுக்கு 98 பேருக்கு நல்ல பார்வை இருந்தது. மெஷினுக்கு ஆன செலவு அதிகம், பார்வை ஒன்றே. ஆபரேஷன் செய்கிற கையின் திறமையும் சுத்தமும்தான் முக்கியம். கண்ணாடியே வேண்டாத லென்ஸ் என்பது வசதிக்காரனின் ஆசை. புரை போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதைத்தான் பெரியவரிடம் சொன்னேன். "அப்போ கம்மலத் திருப்பிக் குடுத்திரட்டுமா?" என்று கேட்டார்.

சாதா லென்ஸ் ஏழைக்கு, மடிப்பு லென்ஸ் பணக்காரனுக்கு என்று நாம் ஒப்புக்கொண்டு உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் தேறுகிற கண் யாருக்கு அவசரம்? மெத்தையில் சாய்ந்து கணக்குப் பார்க்கிறவனுக்கா, மண்வெட்டி பிடித்தால்தான் அடுப்பெரியும் என்கிறவனுக்கா? நியாயப்படி அந்தத் தள்ளுகுழல் முதலில் விவசாயக் கூலியின் கண்ணுக்கு வர வேண்டும். அது மலிவாக வருவதைத் தடுப்பது விஞ்ஞானம் அல்ல, வியாபாரம்.

சர்க்காரால் முடியாது என்கிறார்களா? 2017 பிப்ரவரியில் இருதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு மத்திய சர்க்கார் உச்சவரம்பு விலை வைத்தது. லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கிற்று. சில அன்னியக் கம்பெனிகள் தங்கள் சரக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்று மனுப் போட்டுப் பார்த்தன. வானம் இடிந்து விழவில்லை. அதே ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. கண் லென்ஸ் 2005-லேயே சட்டப்படி மருந்து வகையில் சேர்க்கப்பட்ட சரக்கு. ஆனால் அந்த வருஷம் லென்சுக்கு இப்படி ஒரு வரம்பு வரவில்லை. வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் விலையை ஏற்றக்கூடாது என்ற விதியைக் காட்டுகிறார்கள். முதல் வருஷமே பெட்டியில் பல மடங்கு விலையை அச்சடித்துவிட்டால் இந்த விதி யாரைக் கட்டும்? 2018-ல் விலைக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே டில்லிப் பக்கத்து நாலு தனியார் ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் புரட்டிப் பார்த்து, சில சரக்குகளில் 1,737 சதம் வரை லாபம் வைத்திருப்பதாக அறிவித்தார்கள். கந்துவட்டிக்காரன்கூட வெட்கப்படுவான்.

இலவசம் என்று சொன்னாலும் காரியம் முடிந்துவிடுவதில்லை. அரவிந்த் மருத்துவமனையினரும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் தென்னிந்தியக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தி 1999-ல் வெளியிட்டார்கள். கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் ஊருக்கு வந்த முகாமுக்குப் போனார்கள்! மற்றவர்களுக்குப் பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு. நம் காட்டில் விசாரித்தால் இதே பதில்தான். "அறுப்பு முடியட்டும்" என்பார்கள். உளுந்து முடிந்தால் பருத்தி, பருத்தி முடிந்தால் மிளகாய். சித்திரை வந்தால் துணைக்குப் போக மகளுக்குத் தீப்பெட்டி ஆபீசில் லீவு கிடைக்காது. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் என்றால் இரண்டு பேருடைய கூலி போகிறது. லென்ஸ் சும்மா கிடைக்கும், சோறு சும்மா கிடைக்குமா?

ஆகவே நாம் கேட்கப்போவது இவைதாம். லென்சுக்கும் தள்ளுகுழலுக்கும் ஸ்டென்டைப் போல உச்சவரம்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் மடிப்பு லென்சும் கேட்கிறவர்களுக்கெல்லாம் இலவசம். ஆபரேஷன் செய்துகொண்ட விவசாயக் கூலிக்கும் துணைக்கு வந்தவருக்கும் வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலி. கோவில்பட்டி அரசாங்க ஆஸ்பத்திரியில் வாரத்தில் எந்தெந்த நாள் கண்ணறுவை நடக்கும் என்று வாசலிலேயே பலகை. இ.எஸ்.ஐ. உள்ள மில் தொழிலாளி தன் தாய் தகப்பனாரின் கண்ணுக்குக் கடன் வாங்கும் முன்னே, டிஸ்பென்சரியில் எழுதி வாங்கக் கேட்கட்டும். இன்னொரு சின்ன விஷயம். லென்ஸ் பெட்டியில் ஒட்டுச்சீட்டு இருக்கும், அதில் கம்பெனி பெயரும் நம்பரும் பவரும் இருக்கும். எங்கே ஆபரேஷன் செய்தாலும் அதை உங்கள் நோட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பணம் கட்டினால் பெட்டியின் விலையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

பெரியவர் சித்திரைக் கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். அடுத்த கண்ணுக்கு ஐப்பசி மழைக்கு முன்னால் போவார். அவர் கொண்டுவந்த சீட்டு என் மேஜையில் இருக்கிறது. வடக்குத் தெருவிலிருந்தும் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் இதே மாதிரி இன்னும் ஒன்பது சீட்டுகள் வந்திருக்கின்றன. வேறு யாரிடமாவது இருந்தால், பெயரை அடித்துவிட்டு சங்க ஆபீசில் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து மனுவோடு சேர்த்து, இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை கோட்டாட்சியர் ஆபீசில் கொடுக்கிறோம். காலை பத்து மணிக்குப் பஸ் நிலையத்திலிருந்து புறப்படுகிறோம். கண் தெரியாதவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வர மில் வாலிபர்கள் முன்னதாகவே வந்துவிடவும்.