கம்மஞ்சோற்றுக்கு ஒரு மிஷின் வேண்டும்

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நாவில் ஊறுவது சீரகச் சம்பா பிரியாணி. அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் ரெட்டியார்சத்திரம், கன்னிவாடி பக்கம் மானாவாரிக் காட்டை நம்பியிருந்த வீடுகளின் அன்றாடச் சாப்பாடு கம்மஞ்சோறு, சோளச்சோறு, கேப்பைக் களி. தொட்டுக்கொள்ள தட்டாம்பயற்றுக் குழம்பு, முருங்கைக்கீரை. கொள்ளை வேகவைத்தால் வடித்த தண்ணீர் ரசமாகும், வெந்த பயறு துவையலாகும். குழம்பும் கீரையும் ரசமும் இன்றும் அடுப்பில் இருக்கின்றன, தானியம்தான் போய்விட்டது. ருசி பிடிக்காமல் போனதைவிட, வேலை தாங்காமல் போனதே அதிகம். பாரம்பரிய உணவை மீட்கச் சொல்பவர்கள் செய்முறை சொல்வதோடு நிற்காமல், கம்பும் சோளமும் தீட்டித் தரும் மிஷினுக்கு வழி சொல்ல வேண்டும்.

கம்பு தவசம் நேராக உலைக்குப் போவதில்லை. தண்ணீர் தெளித்துப் பிசறி, சற்று ஊறவிட்டு, உரலில் போட்டு இடிக்க வேண்டும். மேல்தோல் கழன்றதும் முறத்தில் புடைத்துத் தவிட்டைத் தள்ளி, மறுபடி இடித்து, சலித்து, குருணையை முதலில் கொதிக்கும் உலையில் போட்டு, பின்னால் மாவைச் சேர்த்துத் துடுப்பால் கிண்ட வேண்டும். காட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்ணின் தோளில்தான் இத்தனையும் விழுந்தது. ரேஷன் அரிசி கைக்கு வந்ததும் அவர் உலக்கையைச் சுவரில் சாய்த்தது முழுக்க நியாயம். இட்லியைப் பாருங்கள்: ஆட்டுக்கல்லில் மாவாட்டுவதும் இடுப்பொடிக்கும் வேலைதான். கோயம்புத்தூர் கிரைண்டர் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டதால் இட்லி வீட்டிலேயே நிலைத்தது. கம்புக்கு அப்படி ஒரு துணை வீட்டுக்குள் வரவே இல்லை.

வறுமைச் சோற்றை மறுபடி ஏன் திணிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் வலி இருக்கிறது. நெல்லுச்சோறு பண்டிகைக்கு மட்டும் கிடைத்த காலத்தைக் கண்டவர்களிடம் களியின் பெருமை பேசுவது கொடுமை. 2011 முதல் ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி பசியை விரட்டிய உரிமை. அதில் ஒரு பிடிகூடக் குறையக் கூடாது. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. நூறு கிராம் கம்பில் இரும்புச்சத்து ஆறு மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய பச்சரிசியில் ஒன்றுகூட இல்லை. கம்பிலுள்ள சத்து முழுவதும் உடலில் சேராது என்பதும் உண்மை. ஆனால் இரவு ஊறிப் புளித்த கூழில் அந்தத் தடை குறைகிறது. ஒரு தானியம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது; வாரத்தில் சில வேளை தட்டில் இருக்க அது தகுதியானது என்பதே என் வாதம்.

விலை அடுத்த தடை. பாக்கெட்டில் வரும் சிறுதானியம் சாதாரண அரிசியைவிடக் கூடுதல் விலை. போதாக்குறைக்கு, கம்பு மாவு சில நாளில் கசந்துபோகும். தூரத்து ஆலையில் அரைத்துக் கடையில் அடுக்கி வைக்க ஏற்ற பண்டம் அல்ல அது. தானியமாக வாங்கி, அவ்வப்போது பக்கத்திலேயே தீட்டி அரைப்பதுதான் அதற்குச் சரி. எவ்வளவு தீட்டுவது என்பதும் அப்போது சாப்பிடுபவர் கையில் இருக்கும். வெள்ளையாகத் தீட்டிச் சத்தைத் தவிட்டோடு தள்ளிவிட வேண்டியதில்லை. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊருக்குள்ளேயே சிறுதானிய உமி நீக்கும் இயந்திரங்களை வைத்துக் காட்டியிருக்கிறது. அதே நிறுவனம் ரெட்டியார்சத்திரம் வட்டாரத்திலும் விவசாயிகளோடு பணியாற்றியதுதான். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2023இல் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். திண்டுக்கல் சமவெளியில் அரிசியைக் குறைக்காமல், கூடுதலாக உள்ளூர் விவசாயியிடம் வாங்கிய கம்பையும் சோளத்தையும் கொடுக்கலாம். மகளிர் குழுக்களிடம் தீட்டும் மிஷினை ஒப்படைக்கலாம். தவிடு மாட்டுக்குப் போகும், கூலி ஊரிலேயே தங்கும்.