ஊரே கொண்டாடும் கே-டிராமா... 'எனக்குப் பிடிக்கல'ன்னு சொன்னா குத்தமா? - ஓர் அலசல்

'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ பார்த்து பாதியிலேயே தூங்கிட்டேன்', 'கோப்ளின் எனக்கு செட் ஆகல', 'ஸ்குவிட் கேம் ஓவர் பில்டப்'. கே-டிராமா ரசிகர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு வரியைப் போட்டுப் பாருங்கள். அடுத்த நிமிடமே 'உனக்கு ரசனையே இல்ல', 'முழுசா பார்த்துட்டு வந்து பேசு' என்று பதில்கள் வரிசைகட்டும்.

உலகமே பாராட்டும் ஒரு தொடரைப் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் கவனம் ஈர்க்கத்தான் அப்படிச் சொல்கிறார்களா? இல்லை, அதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா?

இந்த எதிர்க்கருத்துகளை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலானவை நான்கைந்து குறைகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்தக் குறைகள் பலவற்றுக்குக் கொரிய டிவி துறை இயங்கும் விதமே காரணம். தென்கொரிய மக்களே இவற்றைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சில முறை சேனல்களைப் பணிய வைத்தும் இருக்கிறார்கள். விரிவாகப் பார்க்கலாம்.

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: சில தொடர்களின் முக்கியத் திருப்பங்களும் முடிவுகளும் கீழே வருகின்றன.)

'ஆரம்பம் செம... கடைசியில சொதப்பிட்டாங்க!'

கே-டிராமா மீது அதிகம் வைக்கப்படும் புகார் இதுதான். சமீபத்திய உதாரணம், 2024-ல் டிவிஎன் சேனலில் வந்த 'குயின் ஆஃப் டியர்ஸ்'. கடைசி எபிசோட் 24 சதவீதத்துக்கு மேல் ரேட்டிங் எடுத்து, அந்த சேனலின் முந்தைய சாதனையான 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ'வையே முந்தியது. இரண்டையும் எழுதியவர் பார்க் ஜி-யூன்.

கல்யாணமாகி மூன்று ஆண்டுகளில் பேச்சுவார்த்தையே அற்றுப்போன ஒரு தம்பதி மறுபடி காதலிப்பதுதான் கதை. ஆனால் கடைசிக் கட்டத்தில் ஹீரோயினுக்கு நினைவு போகிறது, ஹீரோ மீது கார் மோதுகிறது, வில்லன் ஹீரோயினைக் கடத்துகிறார். 'தம்பதியோட கதைன்னு நினைச்சு உட்கார்ந்தோம், பழைய மெகா சீரியலா மாத்திட்டாங்க' என்பது விமர்சித்தவர்களின் ஆதங்கம். ரேட்டிங் ஏறிக்கொண்டிருந்த நேரத்திலேயே கொரியாவிலும் இந்தப் புகார் எழுந்தது.

ஏன் இப்படி ஆகிறது? கொரியாவில் ஒரு தொடரின் வழக்கமான அளவு 16 எபிசோட். வாரத்துக்கு இரண்டு வீதம் எட்டு வாரம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். ஆறேழு சினிமா பார்க்கும் நேரம் இது. பல காதல் கதைகளில் ஹீரோவும் ஹீரோயினும் 10-வது எபிசோடிலேயே சேர்ந்துவிடுவார்கள். மீதி நேரத்தை நிரப்ப விபத்து, நினைவிழப்பு, கடத்தல் என்று எதையாவது கொண்டுவர வேண்டியிருக்கிறது.

'ஜொக்டேபொன்' தெரியுமா?

இன்னொரு காரணம் படப்பிடிப்பு முறை. சில எபிசோடுகளை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட்டு, மீதியை ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுப்பது கொரியாவில் நீண்டகால வழக்கம். எழுத்தாளர் அவசர அவசரமாக எழுதி, சில பக்கங்களை மட்டும் செட்டுக்கு அனுப்புவார். இந்தத் துண்டு ஸ்கிரிப்டுக்கு அங்கே தனிப்பெயரே உண்டு: 'ஜொக்டேபொன்'. கதை போகும் வழியை ரேட்டிங்கும் ரசிகர்களின் எதிர்வினையும் தள்ளிவிட இந்த முறை இடம் கொடுத்தது.

இதற்கு விலை கொடுத்தவர்கள் திரைக்குப் பின்னால் இருந்த தொழிலாளர்கள். 2016 அக்டோபரில், டிவிஎன் தொடர் ஒன்றில் உதவி இயக்குநராக இருந்த லீ ஹன்-பிட் என்ற இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தொழிலாளர்களை ஓய்வின்றிப் பிழியும் வேலையைத் தானே செய்ய வேண்டியிருந்ததைக் கடிதத்தில் எழுதி வைத்திருந்தார். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அவர் பெயரில் ஊடகத் தொழிலாளர்களுக்கான உரிமை மையம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

2017 டிசம்பரில் 'எ கொரியன் ஒடிசி' தொடரின் இரண்டாவது எபிசோட், கிராபிக்ஸ் முடியாத நிலையிலேயே ஒளிபரப்பானது. நடிகர்களைத் தூக்கிய கயிறுகள்கூட அப்படியே தெரிந்தன. ஒளிபரப்பு பாதியில் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய நாள்தான் அந்த செட்டில் வேலை செய்த ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனார் என்ற தகவலும் பிறகு வெளியானது.

வாரத்துக்கு அதிகபட்சம் 52 மணி நேர வேலை என்ற சட்டம் 2018 ஜூலை முதல் படிப்படியாக அமலானது. முழுதும் எடுத்து முடித்த பிறகே ஒளிபரப்புவதும், 12 எபிசோடுக்குள் கதையை முடிப்பதும் இப்போது அதிகரித்திருக்கிறது. 'இழுக்குறாங்கப்பா' என்ற புகாருக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

'சண்டை சீன்லயும் சாண்ட்விச் சாப்பிடணுமா?'

அடுத்த புகார், காட்சிக்குள் நுழையும் விளம்பரம். கொரியாவில் இதை 'பிபிஎல்' என்பார்கள். ஹீரோயின் அழுதுகொண்டே முகத்தில் கிரீம் தடவுவார். போலீஸ் விசாரணைக்கு நடுவே குறிப்பிட்ட கடையின் காபி வரும்.

2016-ல் வந்த 'டிசெண்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' 38 சதவீதத்தைத் தாண்டிய மெகா ஹிட். அதில் இரண்டாவது ஜோடி காரில் போகும்போது, ஓட்டுநர் வேலையைக் காரிடமே விட்டுவிட்டு முத்தம் கொடுத்துக்கொள்ளும் ஒரு காட்சி வரும். காரின் தானியங்கி வசதிக்கான விளம்பரம் அது. தொடரைக் கொண்டாடியவர்களே அந்தக் காட்சியைக் கிண்டலடித்தார்கள்.

2021-ல் 'வின்சென்சோ' தொடரில் ஹீரோ சாப்பிட்டது சீன நிறுவனத்தின் பிபிம்பாப். அது கொரியாவின் அடையாள உணவு. கிம்ச்சி யாருடையது, ஹன்போக் உடை யாருடையது என்று இரு நாட்டு மக்களும் மோதிக்கொண்டிருந்த நேரம் வேறு. எதிர்ப்பு கிளம்பியதும், மறுமுறை பார்ப்பதற்கான பதிப்பிலிருந்து அந்தக் காட்சி நீக்கப்பட்டது.

இதற்கும் காரணம் உண்டு. தொடருக்குள் பொருட்களைக் காட்ட கொரியாவில் 2010 முதல் சட்ட அனுமதி இருக்கிறது. ஆனால் கேபிஎஸ், எம்பிசி, எஸ்பிஎஸ் போன்ற தரைவழி சேனல்கள் நிகழ்ச்சியின் நடுவே விளம்பர இடைவேளை விட 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. தயாரிப்புச் செலவோ ஏறிக்கொண்டே போனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்த வழிகளில் ஒன்றுதான் பிபிஎல்.

'அவன் பண்றது காதலா, ராகிங்கா?'

தமிழ் ரசிகர்கள் பலருக்குக் கொரியத் தொடரை அறிமுகப்படுத்தியது, புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ் டப்பிங்கில் வந்த 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்'. 2009-ல் கொரியாவில் வெளியான தொடர் அது. லீ மின்-ஹோவை நட்சத்திரம் ஆக்கியதும் அதுதான்.

இன்று திரும்பப் பார்த்தால்? பணக்கார ஹீரோ ஒரு சிவப்பு அட்டையை அனுப்பினால், பள்ளியே சேர்ந்து அந்த மாணவரைக் கொடுமைப்படுத்தும். ஹீரோயினுக்கும் அதுதான் நடக்கிறது. கையைப் பிடித்து தரதரவென்று இழுத்துச் செல்வதும் கோபத்தில் கத்துவதும் காதலாகக் காட்டப்படுகின்றன. 'அந்தக் காலத்து சீரியல், அப்படித்தான் இருக்கும்' என்று ரசிகர்கள் விட்டுக்கொடுக்காமல் பேசினாலும், இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

கேபிள் சேனல் வரலாற்றிலேயே முதல்முறையாக 20 சதவீத ரேட்டிங்கைத் தாண்டிய 'கோப்ளின்' மீதும் இதே போன்ற கேள்வி உண்டு. ஹீரோவுக்கு 939 வயது. ஹீரோயினோ பள்ளி இறுதி ஆண்டு மாணவி. கற்பனைக் கதைதானே என்று ரசிகர்கள் சொல்கிறார்கள். சீருடையில் இருக்கும் பெண்ணைக் காதல் நாயகியாகக் காட்டியதே உறுத்தல் என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். இசை, ஒளிப்பதிவு, கோங் யூவின் நடிப்பு எல்லாவற்றையும் ரசித்துக்கொண்டே இந்த உறுத்தலையும் ஒருவர் சொல்லலாம். இரண்டும் ஒரே மனதில் இருக்கக்கூடியவைதான்.

'நல்ல தொடர்தான்... ஆனா எங்க வீட்டுக் கதை இல்ல'

மாற்றுக்கருத்து ஏன் தேவை என்பதற்கு வலுவான உதாரணம் 2022-ல் வந்த 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ'. பெரிதாக யாருக்கும் தெரியாத சேனலில் 0.9 சதவீத ரேட்டிங்கோடு தொடங்கி, 17.5 சதவீதத்தில் முடிந்த தொடர். ஆட்டிசம் உள்ள இளம் வழக்கறிஞராக பார்க் யூன்-பின் நடித்ததை உலகமே பாராட்டியது.

ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் சிலருக்கு அந்தத் தொடரைப் பார்ப்பது அவ்வளவு எளிதாக இல்லை. வூ, நாட்டின் முதன்மைப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பிடித்தவர். சட்டப் புத்தகங்கள் முழுதும் மனப்பாடம். நிஜத்தில் இப்படிப்பட்டவர்கள் மிக அரிது. பேச்சே வராத, தனியாகச் சாப்பிடவும் முடியாத பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் 'உங்க பையனுக்கும் ஏதாவது ஸ்பெஷல் திறமை இருக்கா?' என்று யாராவது கேட்டால் எப்படி இருக்கும்?

தொடருக்கும் இது தெரிந்தே இருந்தது. மூன்றாவது எபிசோடில், ஆட்டிசத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஓர் இளைஞரின் வழக்கு வூவிடம் வருகிறது. இருவருக்கும் ஒரே பெயரில் ஒரு நிலை. ஆனால் இருவரின் வாழ்க்கைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அந்த எபிசோட் நேராகவே பேசியது.

அதே 2022-ல் மாற்றுத்திறனாளிகள் போக்குவரத்து உரிமை கேட்டு சோல் மெட்ரோவில் காலை நேரப் போராட்டங்கள் நடத்தினார்கள். வேலைக்குப் போகத் தாமதமானதால் பயணிகள் பலர் அவர்களைத் திட்டினார்கள். டிவியில் வூவை ரசிப்பவர்கள் நேரில் எங்களை ஏன் வெறுக்கிறார்கள் என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. பாராட்டு மட்டுமே கேட்டிருந்தால் இந்தக் கேள்வி வெளியே வந்திருக்காது.

ஸ்குவிட் கேம்: யாருடைய கதை, யாருக்குக் காசு?

2021 செப்டம்பரில் வந்த 'ஸ்குவிட் கேம்' ஆறு எம்மி விருதுகளை வென்றது. முகமூடி போட்ட வெளிநாட்டுப் பணக்காரர்களாக வந்தவர்களின் நடிப்பு செயற்கை, பெண் கதாபாத்திரங்கள் சரியாக எழுதப்படவில்லை, இரண்டாம் மூன்றாம் சீசன்கள் தேவையே இல்லை என்று மாற்றுக்கருத்துகள் பல.

அதைவிடக் கனமான விமர்சனம் ஒன்று உண்டு. கடனில் மூழ்கியவர்களைப் பணக்காரர்கள் வேடிக்கை பார்ப்பதைக் கண்டிக்கும் கதை இது. அதே கதையை வைத்து நெட்பிளிக்ஸ் 2023-ல் நிஜமாகவே 456 பேரைப் பரிசுப் பணத்துக்காக மோதவிட்டு ரியாலிட்டி ஷோ நடத்தியது.

முதல் சீசனின் செலவு சுமார் 2.14 கோடி டாலர். அதனால் நெட்பிளிக்ஸுக்குக் கிடைத்த மதிப்பு சுமார் 90 கோடி டாலர் என்று நிறுவனத்தின் உள் ஆவணங்களை வைத்து ப்ளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. இயக்குநர் ஹ்வாங் டொங்-ஹ்யோக்கோ, முதலில் போட்ட ஒப்பந்தப்படிதான் தனக்குச் சம்பளம் கிடைத்தது என்று அப்போது பேட்டியில் சொன்னார். படப்பிடிப்பு அழுத்தத்தில் தன் பற்கள் சில விழுந்ததையும் சொல்லியிருக்கிறார்.

எல்லா எதிர்ப்பும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'ரிப்ளை 1988' முடிந்தபோது, ஹீரோயின் டொக்-சன் தாங்கள் எதிர்பார்த்த பையனைக் கட்டிக்கொள்ளவில்லை என்று கொரியாவில் பெரிய கூட்டமே கொதித்தது. அது ரசிகர்களின் ஏமாற்றம். 'அவனைத்தான் கட்டியிருக்கணும்' என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. சுவாரசியமான சண்டை, யாருக்கும் நஷ்டமில்லை.

'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' வட கொரியாவை அழகாகக் காட்டுகிறது என்று சொல்லி, ஒரு சிறிய அரசியல் கட்சி 2020-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போலீசில் புகாரே கொடுத்தது. அந்தத் தொடரின் எழுத்துக் குழுவில் வட கொரியாவிலிருந்து தப்பி வந்த ஒருவர் இருந்தார். வட கொரிய வாழ்க்கையை மென்மையாகக் காட்டுகிறார்களே என்று விமர்சிப்பது வேறு, கதை எழுதியவர்கள் மீது வழக்குப் போடச் சொல்வது வேறு.

2021 மார்ச்சில் 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' தொடரை எஸ்பிஎஸ் இரண்டே எபிசோடில் ரத்து செய்தது. கொரிய எழுத்துமுறையை உருவாக்கிய மன்னர் செஜோங்கின் இளமைக் காலக் காட்சியில் சீன பாணி உணவும் பொருட்களும் இருந்ததால் வந்த கோபம் அது. விளம்பரதாரர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் 'ஸ்னோடிராப்'. 1987-ன் ஜனநாயகப் போராட்டக் காலத்தில், மாணவப் போராளி என்று நினைத்து ஒரு பெண் காப்பாற்றும் இளைஞன் உண்மையில் வட கொரிய உளவாளி. ராணுவ ஆட்சியில் போராடிய மாணவர்கள் மீது பொய்யாகச் சுமத்தப்பட்ட பழியே 'உளவாளி' என்பதுதான். காயம் ஆறாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நிறுத்தச் சொல்லி 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசுக்கு மனு போட்டார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. தொடர் முழுதும் ஒளிபரப்பாகி முடிந்தது.

'எனக்குப் பிடிக்கல, காரணம் இதுதான்' என்பது விமர்சனம். 'யாருமே பார்க்கக் கூடாது' என்பது தடை. முதலாவதற்கு இடம் கொடுத்தால் பேச்சு வளரும். இரண்டாவதற்குப் போகும்போது, காயம்பட்டவர்களின் நியாயமான குரலும்கூட 'இவங்க எல்லாத்தையும் தடை செய்யச் சொல்வாங்க' என்று ஒதுக்கப்படும் ஆபத்து உண்டு.

அப்போ என்ன செய்யலாம்?

தமிழில் டப் ஆகி, மொத்தமாக ஓடிடியில் வந்து இறங்கும் தொடரைத்தான் இங்கே பலரும் பார்க்கிறார்கள். வாரா வாரம் கொரியாவில் நடந்த வாக்குவாதங்கள் நம் காதுக்கு எட்டுவதில்லை. அதனால் 'கொரியாக்காரங்களே கொண்டாடுறாங்க, உனக்கென்ன?' என்ற கேள்வி எளிதாக வந்துவிடுகிறது. அங்கேயும் இதே சண்டைதான் ஓடியது என்பது தெரியாது.

அடுத்த முறை யாராவது 'அந்த டிராமா எனக்கு ஒத்துவரல' என்றால், 'எந்த இடத்துல?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 14-வது எபிசோட் கடத்தல் என்று சொல்லலாம். கையைப் பிடித்து இழுத்த காட்சி என்று சொல்லலாம். எங்கள் வீட்டுப் பிள்ளை அப்படி இல்லை என்றும் சொல்லலாம். பதிலைக் கேட்ட பிறகும் உங்களுக்கு அந்தத் தொடர் பிடித்தே இருந்தால், தாராளமாக இன்னொரு முறை பாருங்கள்.