அஸ்வெசும: திங்கட்கிழமை கடைசி நாள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இந்த முதல் பந்தியை மட்டுமாவது வாசித்துவிட்டுப் பகிருங்கள். அஸ்வெசும கொடுப்பனவுக்கு இதுவரை விண்ணப்பிக்காதவர்களுக்குத் தந்த அவகாசம் 2024 டிசம்பர் 2இல் முடிய இருந்தது. 9ஆம் திகதி வரை நீடித்திருக்கிறார்கள். 9 என்றால் வருகிற திங்கட்கிழமை. நாளை சனி, மறுநாள் ஞாயிறு. ஆக, பிரதேச செயலகத்துக்குப் போகக் கிடைப்பது ஒரே ஒரு நாள்.

மழை, வெள்ளம், மண்சரிவு எச்சரிக்கை என்று இரத்தினபுரி மாவட்டமே அல்லாடிய நாட்களில்தான் அந்த முதல் அவகாசம் ஓடி முடிந்தது. உயர்தரப் பரீட்சையையே இடைநடுவில் நிறுத்தி 4ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கினார்கள். அந்த நிலைமையில் ஒரு தோட்டத்து அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து படிவம் நிரப்பியிருப்பார் என்று யாராவது உண்மையாகவே நம்பினார்களா?

அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று இருக்கிறது. "நமக்கெல்லாம் கிடைக்காது சேர், அது ஆள் பார்த்துக் கொடுக்கிறது." சமுர்த்திக் காலத்து அனுபவத்தில் அப்படிச் சொல்கிறார்கள். சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் அஸ்வெசும 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடப்பது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதிகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி கணக்கிடுகிறார்கள். அதில் பிழை நடக்காது என்று நான் சொல்லவில்லை. 2023இல் முதல் பட்டியல் வந்ததும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேன்முறையீடு செய்ய முடிந்தது விண்ணப்பித்தவருக்குத்தான். படிவமே கொடுக்காதவருடைய பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. நாளைக்கு யாரிடம் போய் என்னவென்று கேட்பது?

கிடைக்குமா கிடைக்காதா என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. அதை நாமே வீட்டிலிருந்து செய்து கொடுக்கத் தேவையில்லை.

தொகையைப் பார்ப்போம். 2024இல் மிகவும் வறிய குடும்பம் என்று தெரிவானால் மாதம் 15,000 ரூபா கிடைத்தது. வறிய குடும்பம் என்றால் 8,500 ரூபாவாக இருந்தது. 2024 செப்டம்பரில் கூட்டிய தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்த 15,000 அப்போது பதினொரு நாள் கொழுந்து பறிக்கும் கூலியாக இருந்தது. மருந்துக்கும் பிள்ளையின் பஸ் காசுக்கும் கடன் வாங்கும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

இதே பணத்தைக் கேட்கப் போவதற்கு அந்த அம்மா ஒரு நாள் பேரை இழக்க வேண்டும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். போனால் வரிசை, பிறகு "நாளைக்கு வாங்க". நகரத்தில் இருப்பவருக்கு ஒரு வாரம் என்பது ஒரு வாரம். லயத்தில் இருப்பவருக்கு அது ஒரு நாளாகக்கூட மிஞ்சாது. லயன் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் போய்ச் சேரும். கலியாணம் முடித்த மகனும் மருமகளும் பெற்றோரோடு அதே அறையில் இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே குடும்பம். இப்படிப்பட்ட இடங்களுக்குக் கதவை எல்லோருக்கும் ஒரே நாளில் மூடுவது சமத்துவம் ஆகாது. தோட்டத்துக்கே உத்தியோகத்தரை அனுப்பி, மாலை வேலை முடிந்த பிறகு பதிந்திருக்க வேண்டும்.

பாடசாலையில் நாங்கள் பார்க்கும் சுரக்ஷா காப்புறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சில காலம் நின்றுபோய் 2024 செப்டம்பரில் மீண்டும் வந்தது. அதில் சேர எந்தப் பெற்றோரும் வரிசையில் நிற்கவில்லை. பிள்ளை பாடசாலையில் படிக்கிறதென்றால் அதுவே போதும். அரசாங்கத்துக்கு மனமிருந்தால் அப்படியும் செய்யத் தெரியும்.

இனி நம்மவர்களுக்கு. இரத்தினபுரி முஸ்லிம் என்றால் மாணிக்க வியாபாரி, வசதியானவன் என்று ஊரில் ஒரு பேச்சு. கல் பட்டை தீட்டிக் கண் மங்கியவர்களையும், நடைபாதையில் துணி விற்பவர்களையும், இத்தா முடிந்து மூன்று பிள்ளைகளோடு வாப்பா வீட்டில் ஒதுங்கியிருக்கும் சகோதரிகளையும் அந்தப் பேச்சு மறைத்துவிடுகிறது. இவர்கள் விண்ணப்பிக்காததற்குக் காரணம் வெட்கம். பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும், பெயரை ஊரே பார்க்கும் என்ற பயம். கேட்டு நச்சரிக்காத, பார்ப்பவர் கண்ணுக்குச் செல்வந்தராகத் தெரிகிற ஏழைகளைப் பற்றி சூரா பகராவில் வருகிறதே, அவர்கள்தான் இவர்கள். ஸகாத் வாங்குவதே உரிமை என்று மிம்பரில் கேட்கிறோம். நாம் வாங்கும் ஒவ்வொரு சோப்புக்கட்டியிலும் வரி கட்டும் அரசாங்கத்திடம் வாங்குவது மட்டும் எப்படி மானக்கேடாகும்?

வசதியிருந்தும் விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டாம். உங்கள் பெயருக்கு எதிராக ஆட்சேபனை கொடுக்கவும் இதே திட்டத்தில் வழி இருக்கிறது.

போகிறவர்கள் வீட்டிலுள்ள எல்லோருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், கடைசி மின்சாரப் பட்டியல், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எது தேவைப்படும் என்று பார்த்துத் திரும்பி வர இனி நாள் இல்லை. சிங்களப் படிவத்தை நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, யாரும் தரும் சலுகை இல்லை. அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ராமாயி, இராமாயி என்ற ஓர் எழுத்து வித்தியாசத்தில் அலைந்தவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. படிவத்தைக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டாவது கேட்டு வாங்குங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாளை ஒலிபெருக்கியில் ஒரு தடவை அறிவியுங்கள். வேன் வைத்திருக்கும் சகோதரர்கள் திங்கள் காலை ஒரு டிவிசனுக்காவது ஒரு ஓட்டம் ஓடுங்கள்.

ஞாயிறு ளுஹருக்குப் பிறகு அஸர் வரை எங்கள் மத்ரஸா மண்டபத்தில் நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் இருப்போம், இன்ஷா அல்லாஹ். எந்த இனத்தவரும் வரலாம், படிவம் நிரப்பித் தருவோம், காசு கிடையாது. வாசிக்கக் கண்ணாடி தேவைப்படுபவர்கள் அதை மறக்காமல் கொண்டு வாருங்கள்.